அய்யா கேட்ட இரண்டு நாள்

1

சின்னமனூர், மார்க்கையன்கோட்டை, குச்சனூர் பக்கத்து ஆட்கள் யாராவது படிக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். என்னைத் தெரிந்தவர்கள் என்னைப் பற்றி நல்லவிதமாகவே கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்பனை மோட்டாரில் வைத்துக் காசிக்குக் கூட்டிப் போன பிள்ளை என்று ஊரில் இன்னும் சொல்கிறார்களாம். அந்தப் பேச்சை நிறுத்திவிட வேண்டும். அதற்கு இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நான் ஈப்போவில் ஒரு மோட்டார் பட்டறையில் மெக்கானிக். மலாயாவுக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. போன வாரம் எங்கள் அய்யாவுக்குத் திதி. இங்கே திதி கும்பிடுவது லேசான காரியம் இல்லை. ஊர்ப் பஞ்சாங்கம் கப்பலில் வந்து சேர்வதற்குள் பாதி வருஷம் ஓடிவிடும். பட்டறையில் லீவு கேட்டால், செத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆன அப்பாவுக்கு இன்னும் என்ன லீவு என்கிறார் கணக்கெழுதும் கிராணி. லீவுக் காகிதத்தில் காரணம் எழுதும் இடத்தில் திதிக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன்.

நம் பக்கத்துக் குடும்பங்கள் நான்கைந்து சாப்பிட வந்திருந்தன. சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் ஒரு கதை சொல்வது என் வழக்கம். வருஷா வருஷம் அதே கதைதான். நாக்பூரில் அய்யாவுக்கு உடம்பு முடியாமல் போனதையும், டாக்டர் ஆசுபத்திரியில் படுக்கச் சொன்னதையும், அய்யா அதைக் கேட்காமல் "ஊருக்குப் போகணும், உங்காத்தாளப் பாக்கணும்" என்று ஒற்றைக் காலில் நின்றதையும் சொல்வேன். கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கும் கண் கலங்கும்.

இந்த வருஷம் கதை அந்த இடத்துக்கு வந்தபோது என் மகள் ராஜம் காப்பித் தட்டோடு வந்தாள். அவளுக்கு இப்போது இருபது வயது. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாள். வீட்டில் எங்களோடு பேசுகிற தமிழ் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வருகிறது. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இல்லப்பா. தாத்தா ஹாஸ்பிடல்லயே இருக்கேன்னுதான் சொன்னாங்க. ரெண்டு நாள்னு கேட்டாங்க. நீங்கதான் வேணாம்னீங்க."

"அப்ப உனக்கு ஒம்பது வயசு. உனக்கு என்ன தெரியும்?" என்று அதட்டினேன்.

அவள் உள்ளே போனாள். வந்தவர்கள் என் மனைவி செல்லம்மாவைப் பார்த்தார்கள். அவள் குச்சனூர்க்காரி, பேச்சுக்குப் பேச்சு கொடுக்கத் தெரிந்தவள். அன்று அவளும் வாயைத் திறக்காமல் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது, இந்த வீட்டில் இத்தனை வருஷமாக என் கதையை நம்பியவர்கள் யாருமே இல்லை.

ராஜம் சொன்னதுதான் நிஜம். ஆத்தாவும் ஜப்பான்காரன் காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். சண்டை முடிந்து தபால் ஓடத் தொடங்கிய பிறகுதான் தங்கச்சி பேச்சியம்மாவின் கடிதம் வந்து எனக்குத் தெரிந்தது. நிஜத்தைச் சொன்னால் மனசு உடைகிற ஆள் இனி ஊரில் இல்லை.

2

மலாயாவுக்கு வந்து பதினான்கு வருஷம் கழித்து ஆறு மாத லீவில் ஊருக்குப் போனேன். மலாயாவில் ரப்பரும் ஈயமும் விழுந்து, அப்போதுதான் கொஞ்சம் தலை தூக்கிய நேரம். எங்கள் பட்டறை முதலாளி ஒரு சீனர். தவுக்கே என்போம். "ஆறு மாதம். இன்ன கப்பலில் வந்து இறங்க வேண்டும்" என்று சொல்லி அனுப்பினார். கப்பலைத் தவறவிட்டால் வேலை என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஊரில் மெக்கானிக் என்றால் என்ன என்று காட்டிவிட வேண்டும் என்ற கொழுப்பு எனக்கு இருந்தது. ஈப்போவில் நிலம் அளக்கும் துரை ஒருவர் லாரிக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்து அதிலேயே குடியிருந்தார். அதை நான்தான் பழுது பார்ப்பேன். அது மாதிரி ஒன்றைச் செய்து அய்யாவையும் ஆத்தாவையும் காசிக்குக் கூட்டிப் போவது என்று முடிவு செய்தேன். ரயிலில் போனால் மூன்று நான்கு நாளில் காசி. அது எனக்குப் போதவில்லை.

மதுரையில் ஓடி ஓய்ந்த பஸ் ஒன்றை வாங்கி வந்து, சீட்டுகளைப் பிடுங்கி எறிந்து, சின்னமனூர் ஆசாரியை வைத்துப் பலகைப் படுக்கைகள் அடித்தேன். பின்பக்கம் தகரம் அடித்து அடுப்புக்கு இடம், கீழே தண்ணீர் பீப்பாய், பக்கத்துக்குக் கித்தான் திரை. ஊர் மொத்தமும் வந்து ஏறி இறங்கிப் பார்த்தது. வீட்டு வண்டி என்று அவர்களே பேரும் வைத்தார்கள். அய்யா மட்டும் சுற்றி வந்து டயரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "உழவுக்கு ஆகுமாலே?" என்று கேட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

கிளம்புகிற நேரத்தில் ஆத்தா வர முடியாமல் போனது. பேச்சியம்மாவுக்குத் தலைப்பிரசவம், மாசம் நெருங்கிவிட்டது. ஆத்தா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"ஏலே ராசு, உங்கய்யா வாயத் தொறந்து இன்னது வேணும்னு கேக்க மாட்டாக. கல்யாணமாகி நாப்பது வருசத்துல எங்கிட்டக்கூட கேட்டதில்ல. மொகத்தப் பாத்து நீயாத்தேன் நடந்துக்கிரணும்."

"நான் பாத்துக்கிறேன் ஆத்தா."

"வண்டியில ஏத்திட்டுப் போற மாதிரியே கொண்டாந்து எங்கிட்ட விட்ரு. எனக்கு வேற காசி வேணாம்."

கையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சரி என்றேன்.

3

போகும்போது எல்லாம் நன்றாகவே இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

அய்யா முன்பக்கம் என் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்து வருவார். ஒவ்வொரு ஊரிலும் வண்டியை நிறுத்தி இறங்கி, ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கிப் பார்ப்பார். நம் ஊரில் பெரியாற்றுத் தண்ணீரில் இரண்டு போகம் விளைவித்த மனுஷருக்குக் காய்ந்த நிலத்தைக் கண்டால் பொறுக்காது. "பாவம், இவுக என்னத்தத் திங்கிறாக" என்பார். இந்திக்காரரோ தெலுங்கரோ, யாராக இருந்தாலும் தமிழிலேயே பேசுவார். அவர்களும் ஏதோ பதில் சொல்வார்கள். எனக்கு விளங்காத ஏதோ ஒரு பேச்சு அங்கே நடந்து முடிந்துவிடும்.

ராஜம் மலாயாவில் பிறந்தவள். அங்கே சாப்பாட்டுக்கு மாக்கான் என்பார்கள். அவளிடமிருந்து அந்த ஒரு சொல்லை அய்யா பிடித்துக்கொண்டார். காலையில் எழுந்ததும், "ஏத்தா ராசம், மாக்கான் ஆச்சா?" என்பார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

காசியில் முழுகிவிட்டு, பிடித்த காய் ஒன்றை விட்டுவிட வேண்டும் என்பது முறை. அய்யா பாகற்காயை விட்டார். அவர் பாகற்காயைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. "என்ன மாமா, சாமியவே ஏய்ச்சுப்புட்டீக" என்று செல்லம்மா சொன்னாள். "உங்கத்தைக்கும் சேத்து முங்கியிருக்கேன். அதுக்கு இது சரியாப் போச்சு" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

திரும்பும் வழியில் ஜபல்பூர் தாண்டியதும் அய்யாவுக்கு வயிறு போகத் தொடங்கியது. முதலில் வெயில் என்றோம், பிறகு தண்ணீர் என்றோம். மூன்றாம் நாள் ரத்தம் வந்தது.

4

இப்போது பட்டறையில் யாராவது வந்து "வண்டி எத்தனை நாளில் தயாராகும்" என்று கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. நாள் கணக்கு என்றாலே எனக்கு நாக்பூர்தான்.

ஆசுபத்திரி நல்ல ஆசுபத்திரி. டாக்டர் பொறுமையான மனுஷர். என்னிடம் இருந்தது நட்டு போல்ட்டு இங்கிலீஷ். இருந்தாலும் அவர் சொன்னது முழுவதும் விளங்கியது. பத்து நாள் படுக்கவைத்தால் தேற்றிவிடலாம், வண்டியில் குலுங்கினால் தாங்க மாட்டார், அவ்வளவுதான். வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலில் அய்யா படுத்திருந்தார். மருந்து ஒரு வேளை உள்ளே போய் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. தலைமாட்டில் ராஜம் நின்றாள்.

நான் நாள்களை எண்ணிக்கொண்டு நின்றேன். நாகப்பட்டினத்தில் கப்பலுக்கு இன்னும் பதினெட்டு நாள். நாக்பூரிலிருந்து ஊருக்கு ஓட்டம் பன்னிரண்டு நாள். ஊரிலிருந்து துறைமுகம் போய்ச் சேர இரண்டு நாள். மிச்சம் நான்கு. வழியில் டயர் போனாலோ ஸ்பிரிங் பட்டை முறிந்தாலோ அந்த நான்கு நாள் வேண்டும்.

அய்யா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஏலே ராசு, குலுக்கல் தாங்கல. ரெண்டு நா இங்கனயே கெடக்கேன்லே."

வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். பத்து நாள் கேட்கவில்லை, இரண்டே நாள். என் கையில் நான்கு நாள் இருந்தது.

"ஊருக்குப் போயிருவோம் அய்யா. அங்கன வைத்தியர் இருக்காரு, ஆத்தா இருக்கு. பாத்துக்கிருவாக" என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. "சரி, உன் இஷ்டம்" என்றுகூடச் சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் செல்லம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நானும் பிள்ளையும் மாமா கூட இருக்கோம். வண்டியப் போட்டுட்டு நீங்க ரயில்ல போங்க. தேறுனதும் நாங்க ரயில்ல வந்து சேருறோம்."

"பாஷை தெரியாத ஊர்ல பொம்பளை தனியா என்ன செய்வ?"

"உங்கய்யாவுக்கு என்ன பாஷை தெரிஞ்சுச்சு? காசி வரைக்கும் பேசிட்டு வரலையா?"

அவள் சொன்னது சரி. ஆனால் அந்த வண்டியை நாக்பூர்த் தெருவில் போட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு ஊரில் போய் இறங்க என் வீம்பு விடவில்லை. வேலை ஒரு பக்கம், வீம்பு ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் அய்யாவைத் தூக்கிப் பலகையில் படுக்கவைத்தேன். நான்கு நாளை டயருக்கு வைத்துக்கொண்டேன், அவருக்கு இரண்டு நாள் கொடுக்கவில்லை. இரண்டு நாள் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் பதினோரு வருஷமாக என்னைத் தின்கிறது.

5

திரும்பிய பாதை பற்றி எழுத அதிகம் இல்லை. வெயில், புழுதி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னாலிருந்து அய்யாவின் முனகல். அந்த முனகல் வரும்போதெல்லாம் வண்டியை மெதுவாக விடுவேன். உடனே மனசுக்குள் நாள் ஓடும், மறுபடி மிதிப்பேன்.

ஒரு சமஸ்தானத்து எல்லைச் சாவடியில் அரை நாள் போனது. ஆள் ஏற்றும் பஸ்ஸா, சரக்கு லாரியா, சொந்தக் காரா, எந்தச் சட்டத்தில் விடுவது என்று அங்கிருந்த குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை. அடுப்பு, அண்டா, படுக்கை எல்லாவற்றையும் இறக்கிப் பட்டியல் எழுதச் சொன்னார். அய்யாவை நிழலில் பாய் விரித்துக் கிடத்தினோம். பட்டியலில் கடைசியாக அவரையும் எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போடு என்றார்கள். நான் போட்டேன்.

பெங்களூர் தாண்டியதும் கஞ்சி இறங்கவில்லை. சேலத்தில் ஒரு வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, "இதே வண்டியிலா நாக்பூரிலிருந்து?" என்று மட்டும் கேட்டார். திண்டுக்கல்லில் பேச்சு நின்றது. வத்தலக்குண்டு தாண்டி நம் மலை தெரிந்ததும், செல்லம்மா அவர் தலையைத் தூக்கிக் காட்டினாள். "மாமா, நம்ம மலை. பாருங்க." கண்ணைத் திறந்தார். பார்த்தாரா என்று தெரியவில்லை. பெரியகுளத்தில் இளநீர் இரண்டு ஸ்பூன் உள்ளே போனது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஆத்தாவிடம் உயிரோடு கொண்டுபோய் விட்டுவிடுவேன், அதன்பிறகு எது நடந்தாலும் அவள் கண் முன்னால் நடக்கும் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவு போதும் என்றிருந்தது.

தேனி வந்தது. பழனிசெட்டிபட்டியில் ரேடியேட்டர் கொதித்துப் புகை கிளம்பியது. நிறுத்தி, இறங்கி, ஒரு கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தேன். நல்ல மத்தியானம். செல்லம்மா திரையை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இங்க வாங்க," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "மாமா அசையல."

ஏறிப் பார்த்தேன். முடிந்துவிட்டது. ஊருக்கு இன்னும் ஒரு மணி நேர ஓட்டம் இருந்தது.

6

நம் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு என் நிலைமையை விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வகையறாவில் ஊர் எல்லைக்கு வெளியே உயிர் போனால், அந்த உடம்பை எல்லைக்குள் விடுவதில்லை. வெளியிலேயே இறக்கி, வெளிப்பாதையாகவே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பெண்கள் தெருமுனை தாண்டி வரக் கூடாது. ஆத்தா வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். முகம் பார்க்காமலே தாலியைக் கழற்றுவார்கள்.

 செல்லம்மாதான் சொன்னாள்.

"உசுரு இருக்குன்னு சொல்லுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன். அத்தை மொகத்தப் பாக்கட்டும்."

"சாமி குத்தமாயிருமே."

"குத்தமானா எனக்கு ஆகட்டும். வண்டிய எடுங்க."

அய்யாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். ராஜத்தின் கையில் விசிறியைக் கொடுத்தாள்.

"தாத்தா தூங்குறாங்களா?" என்று ராஜம் கேட்டாள்.

"ஆமா. நிப்பாட்டாம வீசு."

அவள் வீசினாள். ஊர் வந்து சேரும்வரை நிறுத்தவில்லை.

அது சித்திரை மாதம். வீரபாண்டியில் மாரியம்மன் திருவிழா நடக்கிறது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. சாலை முழுக்கச் சனம். அக்கினிச் சட்டி ஏந்தி வருகிறவர்கள், ஈரத்துணியோடு உருண்டு வருகிறவர்கள், கொட்டுச் சத்தம். வண்டி நகரவில்லை. இறந்த உடம்பை வைத்துக்கொண்டு சாமி வருகிற வழியில் நிற்கிறோம் என்பது எங்கள் இருவருக்குத்தான் தெரியும். 

வயசான அம்மாள் ஒருத்தி திரைக்குள் தலையை நீட்டினாள். "ஆரு ஆத்தா படுத்திருக்காக?"

"எங்க மாமா. மேலுக்கு முடியல" என்றாள் செல்லம்மா.

"ஐயோ பாவம். ஆத்தா காப்பாத்துவா" என்று அந்த அம்மாள் மடியிலிருந்து திருநீறு எடுத்து, கையை நீட்டி அய்யாவின் நெற்றியில் பூசினாள். பூசிய விரல் ஒரு நொடி அங்கேயே நின்றது. செல்லம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சனத்தைப் பார்த்துத் திரும்பி, "நோயாளி வண்டி, ஒதுங்குங்கப்பா, வழி விடுங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டே வண்டிக்கு முன்னால் நடந்தாள். அவள் யாரோ, எந்த ஊரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

சின்னமனூரில் எங்களைப் பார்த்த ஒருவன் சைக்கிளில் முந்திப் போய்ச் சொல்லிவிட்டான். எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டை எல்லையிலேயே ஆட்கள் நின்றார்கள். அய்யாவின் தம்பி, எங்கள் சின்னையா, நடுவில் நின்று கையைக் காட்டினார். ஊர் முறை என்றால் அவர் பேச்சுத்தான்.

"அண்ணன் எப்படி இருக்காக?"

"பேச்சு இல்ல சின்னையா. மூச்சு இருக்கு."

"நான் ஏறிப் பாக்கேன். அதுக்குப் பெறகு உள்ள விடு."

அவர் படியில் கால் வைத்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆத்தா ஓடி வந்தாள். அவரைத் தள்ளிவிட்டு முதலில் ஏறினாள். அய்யாவின் பாதத்தைப் பிடித்தாள். பிடித்த கையை எடுக்காமல் செல்லம்மாவைப் பார்த்தாள், விசிறிக்கொண்டிருந்த ராஜத்தைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. 

"உசுரு இருக்கு" என்றாள் ஆத்தா, வெளியே கேட்கும்படி. "எறங்குங்க கொழுந்தனாரே. என்னப் பாக்கணும்னு இம்புட்டுத் தூரம் வந்த மனுசன வழியில வச்சுக் கேள்வி கேக்காதீக. ஏலே, வண்டிய வீட்டுக்கு விடு."

சின்னையா படியிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இறங்கி வழி விட்டார்.

வீட்டுக்குள் கட்டிலில் கிடத்தினோம். ஆத்தா பாலும் காசித் தண்ணீரும் கலந்து வாயில் விட்டாள். அது கடைவாய் வழியாக இறங்கியது. முந்தானையால் துடைத்தாள். மறுபடி விட்டாள், மறுபடி துடைத்தாள். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் ஏதோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது. வெகு நேரம் கழித்துத்தான் அவள் குரல் எடுத்து அழுதாள். ஊர் அப்போதுதான் உள்ளே வந்தது.

7

காரியம் எல்லாம் முறையாக நடந்தது. நான் தலைமகன், பதினாறாம் நாள் கருமாதி முடிக்காமல் கிளம்ப முடியாது. கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பல் பிடித்து ஈப்போ வந்து, தவுக்கே முன்னால் தலை குனிந்து நின்றேன். அப்பா இறந்துவிட்டார் என்றேன். அவர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டு, "அப்பா காரியம் என்றால் இன்னும் ஒரு மாதம் இருந்திருக்கலாமே" என்றார். பழையபடி என் ஸ்பேனர் பெட்டியை எடுத்து என்னிடமே கொடுத்தார். வேறு ஆளே போடவில்லை. நான் பயந்த பயம் எல்லாம் என் தலைக்குள் மட்டும்தான் இருந்திருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். மூன்றாம் நாள் பால் தெளித்து வந்த பிறகு, சின்னையா எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஏலே, பெரிய ஊரு எத்தனை தாண்டி வந்த. எங்கனயாச்சும் ஆசுபத்திரியில போட்டிருக்கலாமில்ல?"

"நாக்பூர்ல போட்டேன் சின்னையா. அய்யாதேன் கேக்கல. ஊருக்குப் போகணும், ஆத்தாவப் பாக்கணும்னு நின்னாக."

வாயில் வந்தது அப்படியே வெளியே விழுந்துவிட்டது. யோசித்துச் சொன்னதில்லை. அன்று எல்லையில் ஆத்தா தன் பாட்டுக்குச் சொன்னதை எடுத்து என் மேல் போர்த்திக்கொண்டேன். மூலையில் உட்கார்ந்திருந்த ஆத்தா தலையைத் தூக்கினாள்.

"அவுகளா அப்படிச் சொன்னாக?"

"ஆமா ஆத்தா."

"வாயத் தொறந்து சொன்னாகளா?"

"சொன்னாக."

அழுது வீங்கிய அந்த முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. வந்த பெண்களிடமெல்லாம் அதையே சொன்னாள். "நாப்பது வருசம் ஒரு வார்த்தை சொல்லாத மனுசன், சாகப்போறப்ப என்னப் பாக்கணும்னு வந்திருக்காக." கேட்கக் கேட்க நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். மாற்றிச் சொல்ல ஒவ்வொரு நாளும் போய் அவள் பக்கத்தில் உட்கார்வேன். அவள் அதே பேச்சை எடுப்பாள். நான் எழுந்து வந்துவிடுவேன். சொன்னால் என் பாரம் இறங்கும், அவளிடம் இருக்கிற ஒன்றும் போய்விடும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பாதி உண்மைதான். மீதிப் பாதி பயம்.

வீட்டு வண்டியைத் தேனியில் ஒரு பஸ் முதலாளிக்குத் தள்ளிவிட்டேன். பலகைகளைப் பிடுங்கிவிட்டு மறுபடி சீட்டு வைப்பதாகச் சொன்னார். நாங்கள் புறப்படுகிற நாளில் ரயிலடிக்குப் போக மாட்டு வண்டி வாசலில் நின்றது. புருஷனை இழந்தவள் எதிரே வந்து வழியனுப்பக் கூடாது என்று ஆத்தா வெளியே வரவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டாள். நான் ராஜத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். வெள்ளைச் சேலையில் ஆத்தா ஒரு பிடி ஆகியிருந்தாள்.

"ஏலே, இனி உன்ன எப்பப் பாப்பேனோ. அவுக நாக்பூர்ல என்ன சொன்னாக? இன்னொரு மட்டம் சொல்லிட்டுப் போ."

கடைசிச் சந்தர்ப்பம் அது. வெளியே செல்லம்மா மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் அவள் முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தேன்.

"கட்டில்ல படுத்திருந்தாக ஆத்தா. டாக்டர் பத்து நாள் இருக்கணும்னாரு. அய்யா என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'அவ அங்கன தனியா இருப்பாலே, என்னக் கொண்டுபோய் அவகிட்ட விட்ரு'ன்னாக."

முதல் தடவை சொன்னதைவிட நன்றாகவே சொன்னேன். அய்யாவின் குரல்கூட எனக்கு வந்தது. ஆத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "போயிட்டு வா ராசா. பேச்சக் கேட்டு அவுகளக் கொண்டாந்து விட்டியே, நீ நல்லா இருப்ப" என்று என் தலையில் கை வைத்தாள்.

எழுந்தேன். ராஜம் என் பிடியிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு, எனக்கு முன்னால் வெளியே போனாள்.